சனிக்கோளிலிருந்து தொடங்கிய பேச்சு

பேச்சுப் பயிற்சி அறையின் சுவரெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கான படங்கள். மாம்பழம், மாடு, முயல், மழை. நான் உட்கார்ந்திருந்த கதிரைகூடப் பிள்ளைகளுடையதுதான். முழங்கால் மேசையில் இடித்தது. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தர்ஷினி மிஸ் ஒரு பட அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு சீப்பு.

“இதென்ன சேர்? அவசரமில்ல. ஆறுதலாச் சொல்லுங்க.”

எனக்குத் தெரியும். தலை வாருவது. பல் பல்லாக இருப்பது. அன்று காலையிலும் அதைக் கையில் எடுத்திருந்தேன். பெயர் மட்டும் இல்லை. பெயர் இருந்த இடம் வழித்துத் துடைத்த சட்டி மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன்.

“கதவு,” என்றேன்.

மிஸ் முகம் மாறவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினார். அந்த இடைவெளியில் என் கண் சுவருக்குப் போயிற்று. மாட்டுக்கும் முயலுக்கும் நடுவில் சூரியனும் கோள்களுமான ஞாயிற்றுத் தொகுதியின் படமொன்று ஒட்டியிருந்தது. ஓரங்கள் சுருண்டு, மூலையில் யாரோ பிள்ளை பேனையால் கிறுக்கிய படம். நான் பார்ப்பதைக் கண்ட மிஸ், எழுந்து போய் விளையாட்டாக அதில் ஓரிடத்தைத் தொட்டார்.

“சரி, இது என்ன?”

“சனி,” என்றேன்.

நிறுத்த முடியவில்லை. “சனி சூரியனிலிருந்து ஆறாவது கோள். வியாழனுக்கு அடுத்தபடியாக மிகப் பெரிய கோள். பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆன வாயுக்கோள். அதைச் சுற்றி வளையங்கள் காணப்படும்.”

பின் வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற வகுப்பறைக் குரல். என் பழைய குரல்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி பரீதா எழுந்துவிட்டாள். மடியிலிருந்த கைப்பை விழுந்து சாமானெல்லாம் சிதறியது. “வாய் வந்திட்டு மிஸ்! என்ட அல்லாஹ், கதைக்காரு!”

மிஸ்ஸும் சிரித்தார். பிறகு மெதுவாகப் பரீதாவின் தோளில் கை வைத்து என்னைப் பார்த்தார். “சேர், இது ஆரு?”

பார்த்தேன். என் பிள்ளையின் தாய். பெயர் வரவில்லை. மறுபடியும் ‘கதவு’ வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

“பரவால்ல, பரவால்ல,” என்று பரீதா குனிந்து சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினாள். நிமிர அவளுக்கு நேரமெடுத்தது.

சீனி கேட்ட காலை

இந்தத் தொடரில் இதுவரை நான் படிப்பித்த பள்ளிக்கூடங்களைப் பற்றியும், பழகிய மனிதர்களைப் பற்றியுமே எழுதிவந்தேன். சென்ற வாரப் பகுதியை வாசித்து முடித்த பரீதா, தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்: “ஊரான்ட கதையெல்லாம் எழுதுறீங்க. வாயில்லாமக் கெடந்தீங்களே, அந்தக் கதய எப்ப எழுதப் போறீங்க?” அவள் கேட்டால் எழுதத்தான் வேண்டும். அந்தக் கதையின் பாதி அவளுடையது.

பேச்சு போன அன்று, விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தேன். சீனி காணாது, இன்னும் வேண்டும். “பரீதா, கொஞ்சம் கதவு போடு,” என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். திருத்திச் சொல்லப் பார்த்தேன். திரும்பவும் கதவுதான் வந்தது. மூன்றாந் தரம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. என் வாயின் வலப்பக்கம் கீழே இழுத்திருந்ததாம். எனக்கு அது தெரியாது. கோப்பை மட்டும் கையிலிருந்து நழுவியது.

அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேலிக்கு ஓடி, பக்கத்து வீட்டு றிஸ்வானைக் கூப்பிட்டாள். றிஸ்வான் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். பனியனோடு வந்து என்னைத் தூக்கி வைத்தார். சாய்ந்தமருதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைக்கும் அவர் ஹோர்னிலிருந்து கை எடுக்கவில்லை. மீன் வண்டிகளும் சைக்கிள்களும் விலகியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பரீதா என் காதில் யாசீன் ஓதிக்கொண்டு வந்தாள்.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். நேரத்தோடு வந்தபடியால் தப்பினேன் என்றார் டொக்டர். கையும் காலும் சில வாரங்களில் சொன்னபடி கேட்கத் தொடங்கின. பேச்சு வரவில்லை.

விசித்திரம் என்னவென்றால், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபடியே தொழுதபோது அல்ஹம்து சூறா ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. அடுக்களையிலிருந்து அதைக் கேட்ட பரீதா கை ஈரத்தோடு ஓடிவந்தாள். சுகமாகிவிட்டது என்று நினைத்தாள். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் எனக்குத் தாகம். தண்ணீர் என்று சொல்லத் தெரியவில்லை. கையைக் குவித்து வாயருகில் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் தண்ணீரை வார்த்துத் தந்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பிப் போனாள்.

எலுமிச்சங்காயும் ஒரு வளையலும்

சனி என் நாவில் அப்படி ஊறிப்போனதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்கு முதல் நியமனம் கிடைத்தது சம்மாந்துறைக்கு உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடமில்லை. இருந்ததெல்லாம் கரும்பலகையும் என் வாயும்தான். ஞாயிற்றுத் தொகுதி படிப்பிக்கும் நாளில், அப்போதுதான் கல்யாணம் முடித்திருந்த நான், பரீதாவின் கண்ணாடி வளையல் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எலுமிச்சங்காயை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதைச் சுற்றி வளையலைப் பிடித்துக் காட்டினேன். பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து எத்தனை பள்ளிக்கூடம் மாறினாலும் அந்தப் பாடத்தை மட்டும் ஒரே வசனங்களில்தான் நடத்தினேன். வசனம் கெட்டுப்போனால் பிள்ளைகளின் கண்ணில் வரும் அந்தப் பிரகாசமும் வராது என்று எனக்கொரு பயம்.

வளையல் முழுச் சரியில்லை என்பதையும் சொல்லிவிடுவேன். சனியின் வளையம் ஒரே துண்டு அல்ல. எண்ண முடியாத பனிக்கட்டித் துண்டுகளும் கொஞ்சம் கல்லும் தூசியும் சேர்ந்து சுற்றுவது. மணல் அளவிலும் இருக்கும், வீடு அளவிலும் இருக்கும். இருபதுக்கு மேற்பட்ட பூமிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடிய அகலம். தடிப்போ பெரும்பாலான இடங்களில் ஒரு தென்னை மரத்து உயரம்தான்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சனியின் அடர்த்தி தண்ணீரை விடக் குறைவு.

“அப்ப கடல்ல போட்டா மிதக்குமா சேர்?” என்று மருதமுனைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

“மிதக்கும். ஆனா போடுறதுக்கு அவ்வளவு பெரிய கடல் வேணும்.”

“எங்கட கடல் காணாதா?”

“காணாது.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் வீட்டு வாசலில் கிடக்கிற கடலைப் போய் யாரோ சின்னது என்று சொன்ன மாதிரி. அந்தப் பாடம் முடியும்வரை என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

மிஸ்ஸின் வழி

தர்ஷினி மிஸ் வீரமுனையைச் சேர்ந்தவர். வயதில் என் மகளை விட இரண்டொரு வருடம்தான் மூப்பு. அன்று சனியைப் பற்றி நான் கடகடவென்று சொல்லி முடித்துப் பரீதாவின் பெயரில் தடுக்கி விழுந்தபோது, அவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

“பாடமாக்கின கதை ஒரு வழியால வரும் சேர். நினைச்சுச் சொல்ற கதை வேற வழி. உங்களுக்கு அந்த வழிதான் அடைபட்டிருக்கு. நாம பாடமாக்கின வழியால உள்ள போவம். போய்ப் பாதியில திரும்புவம்.”

பரீதாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஓம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் பயிற்சியெல்லாம் சனியிலிருந்துதான் தொடங்கியது. “சனி பெரிய கோள்,” என்பேன். மிஸ் ஒரு கோப்பையைக் காட்டுவார். “சனி பெரிய…” என்று தொடங்கி, கோள் வருவதற்கு முன்னால் நின்று, “பெரிய… கோ… கோப்பை,” என்று முடிக்க வேண்டும். வேர்த்துக் கொட்டும். வயலில் மண் வெட்டினவன் போல வீட்டுக்கு வந்து விழுவேன். ஆனால் கோப்பை வந்தது. பிறகு கோழி வந்தது. “சனியின் வளையத்தில் பனிக்கட்டி இருக்கிறது” என்ற வசனத்திலிருந்து “தண்ணீர் இருக்கிறது” வந்தது. அன்று வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். தாகமில்லாமலே மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் பரீதா ஓடி ஓடிக் கொண்டுவந்து தந்தாள்.

ஒரு நாள் மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்கட அம்மா சனிக்கிழமைல கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கு வைக்கிறவ. எனக்கு ஏழரைச் சனி நடக்குதாம், ஒண்டும் சரிவராதாம். நான் இஞ்ச சனிய வச்சுத்தான் சேருக்குப் பேச்செடுக்கிறன் எண்டு சொன்னன். அம்மாக்கு என்ன செய்யிறதெண்டு தெரியல்ல.”

“உங்கட உம்மாட்டச் சொல்லுங்க மிஸ்,” என்றாள் பரீதா, “எங்களுக்காகவும் ஒரு துஆக் கேட்கச் சொல்லி.”

“கேட்டுக்கொண்டுதான் இருக்கா.”

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. ஒரு மழை நாள், எந்தச் சொல்லும் வரவில்லை. மிஸ் பழைய வசனங்களுக்கே திரும்பிப் போகச் சொன்னார். “சனி ஒரு வாயுக்கோள்,” என்று தொடங்கினேன். “நாம் நிற்பதற்கு அங்கே தரையில்லை.” அந்த இடத்தில் நின்றுவிட்டேன். திரும்பவும் சொன்னேன். “நிற்க… தரையில்லை. எனக்கு… நிற்க… தரையில்லை.”

மிஸ் அட்டைகளை ஒதுக்கி வைத்தார். பிறகு, “இப்ப சொன்னது பாடமாக்கினதில்ல சேர்,” என்றார். “அது நீங்களாச் சொன்னது.”

அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. அழுவதா சந்தோஷப்படுவதா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

பரீதாவின் பெயர் வந்தது அதற்கும் பிறகுதான். “சனிக்கு வளையம் இருக்கிறது,” என்றேன். மிஸ் பரீதாவின் கையைப் பிடித்து உயர்த்தினார். “வளையம்… வளை… வளையல்,” என்றேன். “ஆருட வளையல் சேர்?” என்றார் மிஸ். யோசிக்க விடாமல் அடுத்த நொடியே கேட்டதில்தான் அவருடைய கெட்டித்தனம் இருந்தது.

“பரீதாட வளையல்.”

அவள் அன்று ஒன்றையும் கீழே போடவில்லை. உயர்த்திய கையை இறக்க மறந்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒளிந்திருந்த மாதங்கள்

வீட்டுக்குள் பேச்சு வளர்ந்தது. வெளியில் நான் வாய் திறக்கவில்லை.

பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நிற்பேன். தொழுகை முடிந்த கையோடு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். சந்திக்கிற மனிதர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எனக்குக் காது கேட்காது என்ற மாதிரி உரத்துக் கதைப்பார்கள். நான் ஒரு சொல்லைத் தேடும்போது ஆளுக்கொரு சொல்லை எடுத்து நீட்டுவார்கள். நான் தேடுவது அவற்றில் இராது. களைத்துப்போய் எதையாவது ஒன்றுக்கு ஓம் என்று தலையாட்டிவிட்டு நடப்பேன். வேண்டாத சாமானைக் கடையில் வாங்கிக்கொண்டு வருகிறவன் மாதிரி.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவதில்லை என்று மனத்துக்குள் முடிவெடுத்திருந்தேன். பரீதாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் நஸ்ரின் டீச்சர் வீட்டுக்கு வந்தார். என் வகுப்புகளை அப்போது அவர்தான் எடுத்துவந்தார். விஞ்ஞான மன்றத்துப் பிள்ளைகளுக்குக் கடற்கரையில் சனியைக் காட்டப் போகிறோம் என்றார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி தொலைகாட்டி ஒன்றை இரவல் வாங்கி வருகிறாளாம்.

“சேர் வந்து நிண்டாக் காணும். கதைக்கத் தேவல்ல.”

நான் பரீதாவைப் பார்த்தேன். அவள், “வருவாரு,” என்றாள்.

கோடு மட்டும்

மாரி தொடங்குவதற்கு முந்திய நாட்கள். வானம் துடைத்த மாதிரி இருந்தது. பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தாய்மாரும் வந்திருந்தார்கள். தாள் தட்டுகளில் யாரோ ரோல்ஸ் பரிமாறினார்கள். கரையில் ஏற்றியிருந்த தோணிகளுக்கு அப்பால், கடலுக்கு மேலே மஞ்சளாக, மின்னாமல், ஒரு புள்ளி நின்றது.

முதலாவது பிள்ளை தொலைகாட்டியில் கண்ணை வைத்தாள். நீண்ட நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வளையம் இல்ல டீச்சர்.”

அடுத்தவள் பார்த்தாள். “ஓம் டீச்சர். ஒரு கோடு மட்டும் தெரியிது.”

வரிசை கலைந்தது. எல்லாரும் முந்தின நாள் சனியை வளையத்தோடு வரைந்து வர்ணம் தீட்டி வந்திருந்தார்கள். ஒரு தகப்பன், “தொலைகாட்டி பழுது போல,” என்றார். இரவல் வாங்கி வந்த பிள்ளையின் முகம் சிறுத்துப்போயிற்று.

நஸ்ரின் டீச்சருக்குக் காரணம் தெரியும். சொல்லத் தொடங்கினார். பிறகு நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். “சேர் இருக்காங்கதானே. சேர், நீங்க சொல்லுங்களன்.”

எனக்கு அந்த நேரம் அவர்மீது வந்த கோபத்தை எழுதினால் அவர் இதை வாசித்துவிட்டுச் சிரிப்பார். வேண்டுமென்றே செய்ததாகப் பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பரீதா எனக்காகப் பேச மூச்சை எடுத்தாள். கடைக்காரனிடம், டொக்டரிடம், உறவுக்காரரிடம் என்று எல்லா இடத்திலும் அவள்தான் என் வசனங்களை முடித்துவைத்தாள். அந்த மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு அவள் அதைப் பேச்சாக்காமல் விட்டுவிட்டதும் கேட்டது. என் கை அவளுடைய கைக்குள் இருந்தது. அதையும் விட்டுவிட்டாள்.

முன்னால் நின்ற பிள்ளையின் கையிலிருந்த தாள் தட்டை வாங்கினேன். அதிலிருந்த ரோல்ஸைப் பரீதாவிடம் கொடுத்தேன். தட்டின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

“இது… வளையம். இப்பிடிப் பாத்தா… பெருசு.”

தட்டை மெதுவாகத் திருப்பினேன். வட்டம் ஒடுங்கி ஒடுங்கிக் கோடாயிற்று.

“இப்பிடிப் பாத்தா… இது… இதுட…”

சொல் வரவில்லை. விளிம்பு என்பதுதான் அந்தச் சொல். இப்போது எழுதும்போது எவ்வளவு இலகுவாக வருகிறது! அன்று தட்டைப் பிடித்தபடி நின்றேன். யாரும் எனக்கு எந்தச் சொல்லையும் நீட்டவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். பரிதாபத்தில் அல்ல, பதில் வேண்டும் என்பதற்காகக் காத்திருந்தார்கள். அந்த வேறுபாடு எனக்குத் தெரிந்தது.

“ஓரமா சேர்?” என்றாள் தட்டைத் தந்த பிள்ளை.

“ஓரம்! ஓம், ஓரம். நாம இப்ப… ஓரத்தால பாக்கிறம். வளையம் மெல்லிசு. அதான் கோடு. வளையம்… காணாமப் போகல்ல. அங்கதான் இருக்கு.” மூச்சு வாங்கியது. “சனி சூரியனச் சுத்த… இருபத்தொன்பது வருசத்துக்கு மேல. பதினஞ்சு வருசத்துக்கு ஒருக்கா… இப்பிடி வரும். மறுகா… விரியும்.”

“அப்ப வளையத்த எப்பயும் பாக்கலாம். கோட்ட இப்பதான் பாக்கலாமா?” என்றாள் அவள்.

நான் அப்படி யோசித்திருக்கவில்லை. “ஓம்,” என்றேன்.

அவ்வளவுதான். பார்த்து முடித்தவர்கள்கூட மறுபடி வரிசையில் போய் நின்றார்கள். தொலைகாட்டியைப் பழுது என்ற தகப்பனும் நின்றார். இரவல் வாங்கி வந்த பிள்ளை குனிந்து குனிந்து ஒவ்வொருவருக்கும் சரிப்படுத்திக் கொடுத்தாள்.

கடைசியாக நான் பார்த்தேன். இத்தனை வருடம் படிப்பித்தவன், அன்றுதான் முதன்முதலாக அதைக் கண்ணால் கண்டேன். ஒரு சின்ன மஞ்சள் மணி. அதற்கு நடுவே ஊசி குத்தின மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் ஒரு புள்ளி. அது சனியின் பெரிய உபகோளான டைட்டனாக இருக்க வேண்டும். “ஸுப்ஹானல்லாஹ்,” என்று வந்தது. அது சிறுவயதிலிருந்து பாடமான சொல். அதற்குப் பிறகு, அந்த அழகைப் பார்த்து, “வடிவு,” என்றேன். அது பாடமில்லை.

வெள்ளியா ஞாயிறா

றிஸ்வானின் முச்சக்கர வண்டியில் வீடு திரும்பினோம். கொஞ்ச தூரம் போனதும் பரீதா சொன்னாள்: “மிஸ்ஸ ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடணும். வாற வெள்ளிக்கிழம கூப்பிடுவம். கோழி சமைக்கிறன்.”

“வெள்ளி வேணாம்,” என்றேன்.

“ஏன் வேணாம்?”

“அவ வெள்ளி… மரக்கறி மட்டும். ஞாயிறு கூப்பிடு.”

“ஞாயிறு மகளும் மாப்புளயும் வாறாங்க. அடுக்களைல எத்தன பேருக்கெண்டு நான் நிண்டு சமைக்கிற?”

“மகள் சமைக்கட்டும்!”

“அவ புள்ளயோட வாறவ, அவளப் போய் சமைக்கச் சொல்றீங்களா?”

“புள்ளய நான் வச்சிருப்பன். நீ வெள்ளிக்கிழம கோழிய ஆக்கி வச்சா மிஸ் என்னத்தத் திம்பா? மூளையில்லாமக் கதைக்காத!”

வண்டி வேகம் குறைந்தது. முன்னாலிருந்த கண்ணாடியில் றிஸ்வான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீதாவும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில்கூட நிற்காமல் நான் அதைச் சொல்லி முடித்திருந்தேன்.

“இஞ்சப் பாருங்க றிஸ்வான் தம்பி,” என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் புறப்பட்டன. “இந்த மனிசன் பழையபடி என்னோட சண்ட பிடிக்காரு!”

“கேட்டுக்கொண்டுதான் வாறன் ராத்தா. நல்லாப் பிடிக்காரு.”

இப்போது பள்ளிக்கூடத்தில் வாரத்துக்குச் சில பாடங்கள் எடுக்கிறேன். சில சொற்கள் இன்னும் வருவதில்லை, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கிடைத்த ஒவ்வொரு சொல்லுக்கும் படைத்தவனுக்கும், அந்தச் சொல்லை எடுத்துத் தந்தவர்களுக்கும், எடுத்துத் தராமல் பொறுத்து நின்றவர்களுக்கும் நன்றி சொல்லாமல் நான் தூங்கப் போவதில்லை.

அன்றைய சண்டையில் நான்தான் வென்றேன். தர்ஷினி மிஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தார். கோழிக்கறியை இரண்டாந் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.